முட்டை நாள்

பிடரியில் பிடித்த வலி முதுகெலும்பு வழியாக இறங்கி இடுப்பில் உட்கார்ந்துகொண்டது. காலையிலிருந்து நூற்றிருபது மூட்டை. திண்டுக்கல் வெங்காயப்பேட்டையில் சந்தை நாளென்றால் பெரியகருப்பனுக்கு நிமிர நேரம் கிடையாது. ரெட்டியார்சத்திரம் பக்கத்து ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால், வாசலில் பிள்ளைகள் வட்டம் கட்டிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவன் மகள் தீபா தரையில் கிடந்தாள்.

"ஏலே, என்னலே பண்ணுனீக?"

"ஒண்ணும் பண்ணல மாமா. சிரிப்புக் காட்டுனோம். சிரிச்சா விழுகுறா."

சிரித்தால் விழுந்தாள். எட்டு வயசு. கழுத்து தொங்கும், முழங்கால் மடங்கும், அறுத்துப் போட்ட கொடியாகச் சரிவாள். நினைவு தப்பாது. செத்த நேரத்தில் எழுந்து பாவாடையில் மண்ணைத் தட்டுவாள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. அவளுக்கு இடது விலாவுக்குக் கீழே வயிறு வேறு கல்லாக வீங்கியிருந்தது. படி இறங்கினால் கண் மட்டும் கீழே போகாது. தலையையே கவிழ்த்துப் பார்த்துத்தான் கால் வைத்தாள்.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். முடிவு வாங்கப் போன அன்று டாக்டர் பதினோரு மணிக்குத்தான் வருவார் என்றார்கள். பேட்டைக்குப் பன்னிரண்டு மணிக்கு இரண்டு லாரி வருகிறது. போகாதவன் இடத்தில் அடுத்த வாரம் வேறொருத்தன் நிற்பான். சீட்டைக் கொடுத்தவனிடமே கேட்டான்.

"என்னப்பு எழுதியிருக்கு?"

"செல்லுக்குள்ள கொலஸ்ட்ரால் சேர்ந்திருக்காம். டாக்டரப் பாத்துட்டுப் போங்க."

முதல் பாதியைக் கேட்டுக்கொண்டான். அடுத்த பாதிக்குள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

கொலஸ்ட்ரால் அவனுக்குத் தெரியாததா? மண்டிக்காரர் நல்லுசாமி அதற்காகத்தானே முட்டையையும் கறியையும் விட்டுவிட்டு, இப்போது மாடிப்படி ஏறுகிறார்! அன்றைக்கே வீட்டில் எண்ணெய்ச் சட்டி இறங்கியது. கடலை, தேங்காய், கருவாடு எல்லாம் நின்றது. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சத்துணவு போடும் செபாஸ்தியம்மாளிடம் சொன்னான்: "எம்மகளுக்கு முட்டை மட்டும் வைக்காதீகக்கா. டாக்டரு சொல்லிட்டாரு."

முடிவு வாங்கிய அன்று டாக்டர் முகத்தையே அவன் பார்க்கவில்லை. அந்த வருஷம்தான் சத்துணவில் வாரத்துக்கு மூணு முட்டை என்று ஆக்கியிருந்தார்கள்.

"அப்பா, வெள்ளைய மட்டும் திங்கட்டா?" என்றாள் தீபா.

"வயிறு வத்தட்டும்த்தா. வத்துனதும் நிறுத்துனது அம்புட்டையும் மொத்தமாத் தாரேன்."

"எண்ணிக்கிட்டு வாரேன். இன்னிக்கோட பதினேழு."

பேட்டையில் கூடச் சுமக்கும் நைனா முகமது ஒரு நாள் கேட்டேவிட்டான். "ஏண்டா, பிள்ளையப் பட்டினி போட்டுட்டு நீ இங்க புரோட்டாவாப் பிச்சுப் போடுற?"

"நான் சுமக்கணும்ல."

"அது வளரணும்ல."

பெரியகருப்பன் சால்னாவை ஊற்றிக்கொண்டான்.

தீபாவுக்குக் கழுத்தெலும்பு துருத்தியது. கை குச்சியானது. வயிறு மட்டும் ஒரு விரல்கூட இறங்கவில்லை. "மாமா, எனக்குப் பயமா இருக்கு" என்றாள் மனைவி ராமுத்தாய். "கொழுப்புக் கரைய நாளாகும், பேசாம இரு" என்றான். தை மாசம் வாக்கில் பேச்சு குழறியது. குடித்த தண்ணீர் மூக்கில் வந்தது. முட்டைக் கணக்கு அறுபத்திரண்டில் நின்றுவிட்டது. அடுத்து என்ன எண் என்று அவளுக்குத் தெரியவில்லை. முட்டை நாளில் அறுபத்திரண்டு என்றே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பங்குனியில்தான் லாரியை விட்டுவிட்டு மதுரையில் போய் உட்கார்ந்தான். டாக்டரம்மா சீட்டைப் படித்துவிட்டு ராமுத்தாயிடம் கேட்டாள்.

"இவரு உனக்கு என்ன முறைம்மா?"

"தாய்மாமன். எங்கம்மாகூடப் பொறந்தவரு."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தாள். "உங்க ரெண்டு பேருகிட்டயும் ஆளுக்குப் பாதியா இருந்த ஒரு குறை பிள்ளைகிட்ட முழுசாச் சேந்திருச்சு. செல்லுக்கு மேல கொழுப்பால ஆன தோல் இருக்கு. அதுல அங்கங்க கொலஸ்ட்ரால் திட்டா நிக்கணும். அங்க நின்னுதான் செல்லுக்குச் சேதி வரும், போகும். இவளுக்குக் கொலஸ்ட்ரால் அங்க ஒழுங்காப் போய்ச் சேராம உள்ளயே அடையுது. கிருமியத் தின்னு காவல் காக்கிற செல்லெல்லாம் நுரை நுரையா ஊதிக் கெடக்கு. மூளையிலயும் அதே கதைதான். நீங்க என்ன வேலை?"

"பேட்டையில லோடுமேனுங்கம்மா."

"குடோன் ரொம்பி வழியுது, கதவு தொறக்கல. கடையில சரக்கில்ல. புரியுதா?"

அவனுக்குப் புரிந்தது. வேறு யாரைவிடவும் புரிந்தது. "அப்ப, முட்டை..." என்றான்.

"முட்டையா?"

ராமுத்தாய்தான் சொன்னாள், ஒன்று விடாமல். டாக்டரம்மா திட்டவில்லை. "வெளியருந்து வார லாரிய மறிச்சா உள்ள அடைஞ்சது எப்படிப்பா காலியாகும்? அந்தக் கொழுப்ப உடம்பே உண்டாக்கும். இவ உடம்புல தெம்பு இருக்க வேண்டிய வருஷத்துல தெம்பக் கெடுத்திருக்க. இதைக் குணமாக்க மருந்து இல்ல. கேட்டதக் குடு."

அன்று சாயங்காலம் நாட்டுக்கோழி முட்டை நாலு வாங்கி வந்து அவனே வேகவைத்து உரித்தான். சூடு ஆற ஊதி, மஞ்சள் கருவைத் தண்ணீர் விட்டுக் குழைத்து நெல்லளவு நாக்கில் வைத்தான். தீபாவின் கண் தட்டுக்கு இறங்கவில்லை. வாசனையில் முகம் மட்டும் மலர்ந்தது. சிரிக்கப்போகிறாள் என்று தெரிந்து ராமுத்தாய் கழுத்தைத் தாங்கினாள். அதற்குள் தலை தொங்கியது, மஞ்சள் கரு புரையேறியது. இருமி இருமி உதடு நீலம் பாய்ந்தபோது ராமுத்தாய் தட்டைத் தட்டிவிட்டாள்.

"போதும் மாமா. இனிமே இறங்காது."

பெரியகருப்பன் தரையில் சிதறியதைக் கையால் வழித்து எடுத்தான். அறுபத்திரண்டுக்கு அப்புறமும் முட்டை நாள் வந்துகொண்டுதான் இருந்தது. அதையும் சேர்த்தால் தொண்ணூறு வரும். அவன் மகளுக்கு அவன் தர வேண்டியது தொண்ணூறு முட்டை.