அடித்து எழுதிய விடை

மோகனூரில் கரும்பு வெட்டும் காளியப்பனின் மகள் இலக்கியாவுக்குப் பதினான்காம் வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. அது உயிரை விட்டுவைத்து, கண்களைக் கொண்டுபோனது. அதன்பின் எழுதிய பத்தாம் வகுப்புத் தேர்வில் ஆங்கிலம் மட்டும் மூன்று மதிப்பெண்ணில் தவறிப்போயிற்று. இப்போது துணைத்தேர்வு. இதிலும் தவறினால், பார்வையற்றோருக்குச் சேலத்தில் நடக்கும் கணினிப் பயிற்சியில் இடம் கிடையாது.

அவள் சொல்வதை எழுத, நாமக்கல் தேர்வு மையத்தில் குருமூர்த்தியை அமர்த்தியிருந்தார்கள். வேறொரு பள்ளியின் வரலாற்று ஆசிரியர். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்பது விதி. இருபத்தாறு ஆண்டுப் பணியில் விதியை மீறியவர் என்று அவரை நோக்கி ஒருவரும் விரல் நீட்டியதில்லை.

தனியறை. கண்காணிப்பாளர் வெளித் தாழ்வாரத்தில் நின்றிருந்தார். இலக்கணப் பகுதி வந்தது. ஐந்து ஆங்கில வாக்கியங்களை அமைப்பைக் கொண்டு தனி (சிம்பிள்), கூட்டு (காம்பவுண்ட்), கலப்பு (காம்ப்ளெக்ஸ்) என்று இனங்காண வேண்டும்.

இலக்கியா தனக்குள் முணுமுணுத்தாள். "ஒத்தை மாட்டு வண்டி தனி வாக்கியம். ரெட்டை மாடு கூட்டு. நொகத்தை அவுத்துட்டாலும் ரெண்டும் தானா நடக்கும். மாடும் கன்னும்னா கலப்பு. கன்னைத் தனியா உட்டா நிக்காது, கத்தும்."

குருமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. "யாரு சாமி இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

"ஸ்ரீதேவி டீச்சருங்க. 'பேப்பர்ல இதை எழுதித் தொலைச்சிராதடி, திருத்தறவங்க மாட்டைத் தேடிட்டுப் போயிருவாங்க'ன்னாங்க."

நான்கு விடைகள் சரியாக வந்தன. ஐந்தாவதை அவர் படித்தார். 'களைத்திருந்தபோதிலும் அவன் தொடர்ந்து நடந்தான்' என்னும் பொருள் கொண்ட வாக்கியம். அவள் மறுபடி படிக்கச் சொன்னாள். இம்முறை 'ஆல்தோ' என்னும் முதற்சொல்லில் அவர் குரல் தானாகவே அழுந்தியது.

"ஏனுங்க சார், அந்தச் சொல்லை மட்டும் அமுக்கிப் படிக்கறீங்க?"

"இல்லையே சாமி."

"களைச்சது ஒண்ணு, நடந்தது ஒண்ணு. ரெண்டு மாடு. காம்பவுண்ட்னு போடுங்க."

அந்த இரண்டில் ஒன்று கன்று. கண்ணிருந்தால் முதற்சொல்லைப் பார்த்தே அவள் கண்டுகொண்டிருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. வெளியே வேப்பமரத்தடியில், வேலையை விட்டுவிட்டு வந்து குந்தியிருந்த காளியப்பன் சன்னல் வழியே தெரிந்தார். அரிவாள் பிடித்துக் காய்த்த கைகள் இரண்டையும் மடியில் வைத்திருந்தார். குருமூர்த்தியின் பேனா காம்ப்ளெக்ஸ் என்று எழுதிவிட்டது.

"எழுதினதைப் படிங்க சார்."

"காம்பவுண்ட்."

அவள் தலையை மறுப்பாய் அசைத்தாள். பிறகு தணிந்த குரலில், "கடைசி எழுத்துக்குப் பேனா ரெண்டு தடவை குறுக்கால கீறுச்சுங்க. நான் சொன்ன சொல்லுல எக்ஸ் இல்லீங்களே" என்றாள்.

குருமூர்த்தியின் முகம் சிவந்தது. நல்லவேளை பார்க்க யாருமில்லை என்று நினைத்தார். நினைத்ததற்கு உடனே வெட்கினார்.

"எனக்குச் சோத்தைப் பெசைஞ்சுதான் குடுக்கறாங்க. செருப்பைக் கால்ல மாட்டி உடறாங்க. பாவம்னு எல்லாத்தையும் மத்தவங்களே செஞ்சர்றாங்க. இந்த மார்க்காச்சும் எனதா இருக்கட்டுங்க சார். அடிச்சு எழுதுங்க."

சரியான விடையைத் தம் கையால் அடித்து, பக்கத்தில் தவறான விடையை எழுதினார். கோடு போடும் ஓசையை அவள் தலைசாய்த்துக் கேட்டாள். "இப்பச் சரிங்க" என்றாள்.

முடிவு வெளியான அன்று காளியப்பன் தொலைபேசியில் அழைத்தார். "ஒத்தை மார்க்குல போச்சுங்க வாத்தியாரே. முப்பத்தி நாலு." இலக்கியா தொலைபேசியை வாங்கிக்கொண்டாள்.

"சார், அந்த அஞ்சாவது, மாடும் கன்னுந்தானுங்களே?"

"ஆமாம் சாமி."

"ஊட்டுக்கு வந்தப்பறந்தானுங்க தெரிஞ்சுது." சற்று நிறுத்தினாள். "வார மார்ச்சுல மறுக்கா எழுதறேனுங்க. நீங்களே வாரீங்களா? வேற ஆருன்னாலும் நான் காதைத் தீட்டிக்கிட்டே இருக்கோணுமுங்க."

"வாரேன் சாமி" என்றார் குருமூர்த்தி. மறுமுனையில் அவளுடைய தாய் அழுவது கேட்டது. "அழாதம்மா" என்று இலக்கியா சொல்வதும், பின்பு அவள் குரலும் உடைவதும் கேட்டன. தொடர்பைத் துண்டிக்க அவருக்குக் கை எழவில்லை.