பதினான்காம் எண் ஊசி

1

இந்தக் கதை ஒரு பென்சில் கோட்டிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பின்னால் சொல்லத் தைரியம் இருக்காது.

இப்படித்தான் தொடங்கியிருந்தேன்:

“திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் சுமந்த், தன் மனைவிக்குப் பழைய ஆங்கிலப் பின்னல் புத்தகம் ஒன்றை…”

நிறுத்திவிட்டேன். சுமந்த் என்று எவனும் இல்லை. பழியைச் சுமக்க ஒருத்தன் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவனை அனுப்பிவிட்டேன். கழக்கூட்டத்தில் வேலை பார்ப்பவன் நான்தான்.

2

அஜிதா என் மனைவி. நாகர்கோவில்காரி. வலியசாலையில் எங்களுக்கு வாடகை வீடு. பிள்ளை உண்டாகி நாலாம் மாதத்தில் டாக்டர், படுக்கையை விட்டு எழவே கூடாது என்றுவிட்டார். சும்மா கிடந்தவள் வீடியோ பார்த்துக் கம்பளி பின்னக் கற்றுக்கொண்டாள். நூற்று நாற்பது வருடம் பழைய பின்னல் புத்தகம் ஒன்றின் பக்கங்கள் இணையத்தில் அகப்பட்டன; தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டோம். அதில் இருப்பதை இருக்கிறபடியே திரும்பச் செய்ய வேண்டும் என்று பைத்தியமே பிடித்துவிட்டது. முதலில் மணிக்கட்டு உறை, அடுத்து பாசி கோத்த சுருக்குப்பை.

(திருவனந்தபுரத்து வேர்வையில் கம்பளி மணிக்கட்டு உறை! நான் சிரித்தேன். அதை மாட்டிக்கொண்டு அவளும் சிரித்தாள். இந்த அடைப்புக்குறிக்குள் மட்டும் நாங்கள் சந்தோஷமாக இருக்கிறோம். கொஞ்சம் இருந்துவிட்டுப் போங்கள்.)

அந்தக் காலத்து ஆங்கிலம் அவளுக்கு ஓடாது. நான் வாசித்து வரிவரியாகத் தமிழில் சொல்வேன், அவள் பின்னுவாள். அதுவரை எல்லாவற்றுக்கும் ஒரே ஜோடி ஊசிதான்.

3

பிறகு குழந்தைத் தொப்பி. புத்தகத்தில் அதற்கு இரண்டு அளவு. கண்ணிகளின் எண்ணிக்கை ஒன்றேதான், ஊசி மட்டும் மாறும்: பிறந்த குழந்தைக்குப் பதினான்காம் எண், ஒரு வயதுக்குப் பத்தாம் எண். இரண்டு ஜோடியும் வாங்கினோம்.

என் வேலையைச் சொல்லவில்லையே. இயந்திரங்களுக்கான செய்முறைக் குறிப்புகளில் பிழை திருத்துகிறவன் நான். பதினெட்டு வருடமாகப் பிறத்தியார் தப்பைப் பிடித்தே சோறு தின்கிறேன். சின்னத் தலைக்குப் பெரிய எண்ணா? அச்சுப்பிழை என்று முடிவு கட்டினேன். பென்சிலால் அம்புக்குறி போட்டு இரண்டு எண்களையும் இடம் மாற்றினேன்.*

அஜிதா பத்தாம் எண் ஊசியை விரலிடையில் உருட்டிப் பார்த்தாள்.

“இது தடியால்லா இருக்கு? பச்சப்பிள்ளைக்கு இதா போட்டிருக்கான்?”

“புக்கில அப்படித்தான் இருக்கு,” என்றேன்.

புத்தகத்தில் அப்படி இல்லை.

* அந்தக் கால ஊசிகளில் எண் ஏற ஏற ஊசி மெலியும், பின்னுவதும் சிறிதாக வரும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இதற்கு அட்டவணையே இருக்கிறது. எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் அதைப் பார்த்தேன்.

4

எட்டாம் மாதமே பிள்ளை வந்துவிட்டாள். ஒன்றே முக்கால் கிலோ.

[இந்த இடத்தை ஐந்து முறை எழுதினேன். ஒரு முறை வெளியே மழை பெய்யவிட்டேன். ஒரு முறை பத்மநாபசுவாமி கோயிலுக்கு ஓடிப் போய் நின்று அழுதேன். இரண்டும் நடக்கவில்லை. கேன்டீனில் பழம்பொரி தின்றேன். பசித்தது.]

கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளையைத் தொட அஜிதாவை விடவில்லை. தொப்பி மட்டும் தரலாம் என்றாள் நர்ஸ் ரெம்யா. வாங்கிப் போட்டுப் பார்த்தாள். அது வழுக்கிக்கொண்டு முகத்தில் இறங்கியது.

“சேச்சி, வலுதாப் போச்சே. குஞ்ஞுக்கு மூக்கு மூடிரும்,” என்று வருத்தத்தோடு திருப்பித் தந்துவிட்டு, ஆஸ்பத்திரித் தொப்பியைப் போட்டாள்.

ஒன்பது நாள். தொப்பி சரியாக இருந்திருந்தாலும் ஒன்பது நாள்தான் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறேன். ஆனால் மெல்லிய ஊசியில் பின்னியிருந்தால், தொப்பி தலையில் நின்றிருக்கும். அம்மா கை பட்டது ஒன்றுகூட மேலே படாமல் என் பிள்ளை போய்ச் சேர்ந்தாள். அதற்கு நான்தான் காரணம்.

அஜிதாவுக்கு இது தெரியாது. எட்டு மாதமாக ஒன்றையேதான் சொல்கிறாள்:

“எனக்க கைதான் லூசு. இறுக்கிப் போட்டிருந்தா நின்னிருக்கும்.”

“இல்ல அஜி” என்று நான்…

5

போன வாரம் ரெம்யா போன் செய்தாள். வார்டில் இப்போது மூன்று பொடிப் பிள்ளைகள், சேச்சியால் தொப்பி பின்னித் தர முடியுமா என்று கேட்டாள். அஜிதா பீரோவிலிருந்து அந்தத் தொப்பியை எடுத்து, முழுக்கப் பிரித்து, நூலை உருண்டையாகச் சுற்றி வைத்தாள்.

அன்றிலிருந்து முடிவுகளைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

மறுபடியும் “பத்து” என்று வாசிக்கலாம். அவள் விரல் வலிக்க வலிக்க இறுக்குவாள். அப்படியும் பெரிதாகத்தான் வரும். வேறு மூன்று பிள்ளைகளின் மூக்கு. வேண்டாம், சீ.

“பதினாலு” என்று வாசித்துவிட்டு, இது வேறு பக்கம் என்று புளுகலாம். நல்லபடியாக முடியும் கதை. மூன்று தலைக்கும் தொப்பி பொருந்தும். இந்தத் தடவை கை இறுகிவிட்டது என்று அவள் சந்தோஷப்படுவாள். சொந்தப் பிள்ளைக்கு மட்டும் இறுகாமல் போன கை என்று சாகும் வரை நம்புவாள்.

அல்லது தாளை அவளிடமே நீட்டலாம். ஆங்கிலம் ஓடாவிட்டாலும் எண்கள் தெரியும். என் அம்புக்குறி தெரியும். நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள், அப்புறம்

(அப்புறத்தை என்னால் எழுத முடியவில்லை. அவள் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது.)

6

ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி. இரண்டு ஜோடி ஊசிகளும் அஜிதாவின் மடியில் இருக்கின்றன. நூல் நுனியை விரலில் சுற்றிக்கொண்டுவிட்டாள்.

“வாசியுங்கோ. எத்ராம் நம்பர் ஊசி?”

தாள் என் கையில் இருக்கிறது. அச்சில் இருப்பது எது, பென்சிலில் இருப்பது எது என்று இப்போது உங்களுக்கும் தெரியும்.

“என்ன, பேச்சில்ல? சும்மா வாசியுங்கோ. இந்தத் தடவ நல்லா இறுக்கிப் போடுதேன்.”

நீங்கள் வாசியுங்கள். அவளுக்குக் கேட்கிற மாதிரி, கொஞ்சம் சத்தமாக.