வாசல் பெருக்கிய தூரம்

சின்னராசு ஏறிய விமானம் மற்ற எல்லாருக்கும் குவைத்தில் இறங்கிவிட்டது. சின்னராசுக்கு மட்டும் பன்னிரண்டு ஆண்டுகள் இறங்கவில்லை. சென்னையிலிருந்து அது மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஐந்து மணி நேரப் பயணம். பக்கத்து ஸீட்டில் போன களமருதூர்க்காரர் வேலையில் சேர்ந்து, இரண்டு முறை லீவில் வந்து, தங்கைக்குக் கல்யாணமும் முடித்துவிட்டார். எல்லாரும் எழுந்தபோது சின்னராசு பெல்ட்டைக் கழற்றவில்லை என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

தவறு அவன் ஊரான நைனார்பாளையத்தில் நடந்தது. வீட்டிலிருந்து ஒருவர் ஊருக்குக் கிளம்பினால், போய்ச் சேர்ந்த தகவல் வரும்வரை வாசல் பெருக்கக்கூடாது; பெருக்கினால் போகிற தூரம் நீண்டுவிடும். அவன் மனைவி செந்தமிழ்ச்செல்விக்கு இது தெரியாததல்ல. கல்யாணமாகி எட்டு மாதம், வயிற்றில் பிள்ளை. வேன் தெரு திரும்பியதும் அழுகையை அடக்கக் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது, துடைப்பத்தை எடுத்துவிட்டாள். மாமியார் கொளஞ்சியம்மாள் எட்டிப் பார்த்தபோது பாதி வாசல் முடிந்திருந்தது.

"இன்னாடி பண்ணிட்ட! புள்ள இன்னும் ஊர் எல்லையக்கூட தாண்டலயே!"

முதல் பொங்கலன்று போன் வந்தது. "இப்பதான் சாப்பாடு குடுத்துக்கினு இருக்காங்க செல்வி. எதிர்ல டிவியில இன்னும் ரெண்டு மணி நேரம்னு காட்டுது." அடுத்த பொங்கலுக்கு டீ வந்திருந்தது, மீதி நேரமோ இரண்டரை மணி ஆகியிருந்தது. அவன் கணக்கில் வீட்டை விட்டுக் கிளம்பியது அன்று காலையில்தான். மகள் பிறந்துவிட்டாள் என்று அவள் சொன்னதற்கு, "அதுக்கு இன்னும் மாசம் இருக்கே" என்று சிரித்தான்.

அதன்பின் செல்வி வாசல் பெருக்குவதையே விட்டாள். வேப்பஞ்சருகும், கல்வராயன் மலைக்காற்று கொண்டுவந்து போட்ட மக்காச்சோளத் தோகையும் முழங்கால் உயரம் ஏறின. தூரம் கூடவில்லை, குறையவும் இல்லை. ஊர்க்காரர்கள் கொஞ்ச நாள் இதைப் பேசிவிட்டு, மரவள்ளி விலையைப் பேசப் போய்விட்டார்கள். பன்னிரண்டாம் வருடம் ஒருநாள் மகள் இலக்கியா, "அப்பா எப்பம்மா எறங்குவாரு?" என்று கேட்டாள். செல்விக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தெருவில் போய் நின்று, வீட்டுப் பக்கமாகக் குப்பையை உள்ளே தள்ளிப் பெருக்க ஆரம்பித்தாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

"குவைத்து வாணாம். வூடு வந்து சேந்தா போதும்" என்றாள்.

கூடம் முழுக்கச் சருகு நிறைந்த ஒரு காலையில் சின்னராசு பையோடு வாசலில் நின்றான். விமானத்து பெல்ட் இடுப்பில் தொங்கியது. கிளம்பிய அன்று சவரம் செய்த முகம் அப்படியே இருந்தது. துடைப்பத்தோடு நின்ற, முன்னந்தலை நரைத்த பெண்ணைப் பார்த்து, "அக்கா, செல்வி இல்லீங்களா?" என்று கேட்டான்.

"நான்தாங்க" என்றாள். கதவருகே நின்ற இலக்கியாவைக் காட்டினாள். "அது ஒங்க பொண்ணு."

அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பெல்ட்டைக் கழற்றி, விமானத்தில் கொடுத்த தின்பண்டப் பையோடு மகளிடம் கொடுத்துவிட்டு, சருகை மிதித்து உள்ளே போனான். இனி யாரும் போய்ச் சேர வேண்டியதில்லை. செல்வி கூடத்திலிருந்து ஆரம்பித்து, எல்லாவற்றையும் வெளியே பெருக்கித் தள்ளினாள்.