ஐப்பசியும் பிரமநாயகியின் நாக்கும்

வெயில், அரிசி களைந்த தண்ணீரின் நிறத்தில். தெருவுக்கு மேலே மேகம், தூக்கம் கலையாத எருமைக் கூட்டமாக. ஐப்பசி வந்துவிட்டது.

பிறகு மழை. ஓட்டில் மழை. குழாயடியில் மழை. காயாத துணியில் மழை.

வீட்டுக்கு வீடு எண்ணெய்ச் சட்டி ஏறியது. அந்த மணத்துக்கு மேற்கு மலையிலிருந்து மேகமே இறங்கி வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்ததாம். எல்லாரும் சொன்னார்கள். பிரமநாயகிக்கு மணம் தெரியவில்லை.

பாளையங்கோட்டையில் அந்தத் தெருவின் நாக்கே பிரமநாயகிதான். டெலிபோன் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவள். தனி ஆள். எந்த வீட்டில் பலகாரம் சுட்டாலும் முதல் ஈடு அவள் கதவைத் தட்டும். "எக்கா, உப்புப் பாத்துச் சொல்லுங்க." அவள் தலையை ஆட்டினால்தான் அடுத்த ஈடு.

ஆனி மாதம் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மணத்தையும் ருசியையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதன்பின் தோசை, பஞ்சு. மாம்பழம், ஈரப் பஞ்சு. நாக்கில் ஒன்றுமில்லை.

வருத்தம்கூட இல்லை. மழையைப் பார்ப்பாள். மழை பெய்யும். அவ்வளவுதான்.

யாரிடமும் சொல்லவில்லை. நாக்குக்காகத் தட்டுகிற கதவு அது. நாக்குப் போனால் யார் தட்டுவார்கள்?

அதனால் பொய். முறுக்கைக் காதால் ருசித்தாள். அதிரசத்தை விரலால் ருசித்தாள். "ஏட்டி, இந்த முறுக்கக் கடிச்சா தூத்துக்குடி கப்பல்ல இருக்கவன் திரும்பிப் பாப்பான்!" தெரு சிரிக்கும். அவளும் சிரிப்பாள். நாக்கில் ஒன்றுமில்லை.

தீபாவளிக்கு முந்தின சாயங்காலம் பக்கத்து வீட்டு உலகம்மை வந்தாள், லேகியக் கிண்ணத்தோடு. தெரு முழுமைக்கும் அவள்தான் லேகியம் கிண்டுவாள். அவளுக்குச் சர்க்கரை. தித்திப்பை வாயில் வைக்க மாட்டாள்.

லேகியத்துக்குச் சத்தம் கிடையாது. நெல்லிக்காய் அளவு உருட்டிப் போட்டுக்கொண்டாள் பிரமநாயகி. சுக்கு இல்லை, திப்பிலி இல்லை, கருப்பட்டி இல்லை. வாய்க்குள் கனமாக ஓர் இருட்டு.

"அமிர்தம்ட்டி! இதத் தின்னா செத்தவன் எந்திச்சு ரெண்டாங் கலியாணத்துக்குப் பொண்ணு கேப்பான்."

விடியல். மழைக்கு நடுவே வெடி. எண்ணெய் தேய்த்துக் குளித்த தெரு, வெறும் வயிற்றில் லேகியத்தை வாயில் போட்டது.

தெரு நின்றது. சங்குச்சக்கரம் சுற்றுவதை மறந்தது. எதிர்வீட்டு ரிட்டயர்டு தாசில்தாரின் மீசை எழுந்து நெற்றியைத் தொட்டது. ஆனால் ஒருவரும் துப்பவில்லை. பிரமநாயகி அமிர்தம் என்று சொல்லிவிட்டாளே! அப்படியானால் கோளாறு தன் நாக்கில்தான். ஒவ்வொருவரும் அப்படியே நினைத்துக் கண்ணீரோடு விழுங்கினார்கள்.

சாம்பாருக்குப் புளி எடுக்கப் போனாள் உலகம்மை. புளிப்பானை காலி. கருப்பட்டிப் பானை வைத்தது வைத்தபடி. மழை இருட்டில், கரண்ட் போன அடுப்படியில், அவள் பாகு காய்ச்சியது உப்புப் போட்டு வைத்திருந்த பழம்புளியை.

நனைந்தபடி வந்து நின்றாள்.

"எக்கா, வெளையாண்டீங்களா?"

ஒரு வேடிக்கை சொல்லித் தப்பித்திருக்கலாம். அதுவும் நாக்கில் வரவில்லை.

"எனக்கு ஒண்ணுந் தெரியலட்டி. ஆனி மாசத்துலேருந்தே. மண்ணத் தந்தாலும் திம்பேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா எவ வருவா?"

உலகம்மை பிரமநாயகியின் தலையைப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது, நல்ல நாளும் அதுவுமாக.

"ஒக்காருங்க மொதல்ல."

"விடிஞ்சு போச்சேட்டி."

"விடிஞ்சா என்ன? நரகாசுரன் எந்திச்சா வரப் போறான்?"

மிளகு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். உச்சியில் ஒரு கை. உச்சி, பிடரி, முதுகுத்தண்டு. எண்ணெய்க்கு மணமில்லை. கைக்குச் சூடு இருந்தது.

தேய்த்துக்கொண்டே உலகம்மை ஜன்னல் வழியாகக் கத்தினாள். அந்தக் குரலுக்கு மழையே கொஞ்சம் ஒதுங்கி நின்றது. "அது புளி! எக்காவுக்கு நாக்குச் செத்து நாலு மாசமாச்சாம்!"

பிரமநாயகி கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது. இனி யாரும் வரமாட்டார்கள்.

வந்தார்கள். குடையோடும், குடையில்லாமலும். திட்டுவதற்கு.

"கூறுகெட்ட எக்கா!"

"எம் வயிறு காலைலேருந்து கடகடங்குது. அமிர்தமாம், அமிர்தம்!"

"காய்ச்சல்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா தாயீ?" என்றார் தாசில்தார், மீசையைத் தடவிக்கொண்டு வாசலிலேயே நின்று.

ஒருத்தி திட்டிக்கொண்டே சீயக்காய் கரைத்தாள். ஒருத்தி திட்டிக்கொண்டே வெந்நீர் விளாவினாள்.

பிரமநாயகி எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தாள். நாக்கில் ஒன்றுமில்லை. இன்னும் ஒன்றுமில்லை. காது நிறையத் தெரு.

வெளியே ஐப்பசி. கழற்றிப் போட்ட செருப்புகளில் வாசலே தெரியவில்லை. ஒவ்வொரு செருப்பிலும் கொஞ்சம் மழை.