பூட்டிக் கிடந்த சாராயக்கடை

எழுபத்திரண்டு நாளாக நான் குடிக்கவில்லை. அது யாருடைய வேலை என்பதில்தான் வீட்டில் சண்டை.

என் மனைவி நிருஷா வெள்ளிக்கு வெள்ளி உபவாசம் இருந்தாள். "கர்த்தர்தான் உங்கள விடுவிச்சவர்" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொழுது சாய்ந்தால் கால் கடைப்பக்கம் இழுக்கும். தோணியை நடுவாவிக்கு வலித்து, நங்கூரக் கல்லைப் போட்டு, சாராயக்கடை மூடும்வரை நுளம்புக்கடியில் கிடந்தவன் நான். கர்த்தரையா நுளம்பு கடித்தது?

ஞாயிறு சபையில் குடியை விட்ட கதையைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். முதல்நாளே பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். "உதயரூபன் தம்பி, எல்லாம் கிருபை எண்டு சொன்னாப் போதும்" என்றார். தலையாட்டினேன். நாற்பதாம் நாள் நடந்தது அவருக்கும் தெரியாது, நிருஷாவுக்கும் தெரியாது.

அன்று என்னால் தாங்க முடியவில்லை. கல்லைத் தூக்கித் தோணிக்குள் போட்டுக் கரைக்கு வலித்து, கடைக்கு ஓடினேன். பூட்டிக் கிடந்தது. போயா! பௌர்ணமிக்கு நாடு முழுக்கச் சாராயக்கடைக்குப் பூட்டு. கிழக்கே நிலவு முழுசாக நின்றது. நிலவு பார்த்து வலை போடுகிற எனக்கு அது கண்ணில் படவே இல்லை. கதவை ஓங்கி உதைத்தேன். பிறகு அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

சபையில் எழுந்து நின்றபோது வாயில் பொய் வரவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். நிருஷா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அல்லேலூயா! கதவ அடைச்சவர் கர்த்தர்!" என்றார் பாஸ்டர்.

"போயாவுக்கு அடைச்சது அரசாங்கம், பாஸ்டர். அடுத்த நாள் கடை திறந்துதானே இருந்திச்சி? அண்டைக்கு ஏன் நான் போகல்ல? எனக்கே விளங்கல்ல."

பாஸ்டர் பாட்டைத் தொடங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்தும் நிருஷா முகம் கொடுக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. பொழுது சாய்ந்தது. தோணியடிக்குப் போனால், அவள் முன்னமே ஏறி உட்கார்ந்திருக்கிறாள்.

"வலிங்க" என்றாள்.

நடுவாவியில் கல்லைப் போட்டேன். அவள் கண்ணை மூடி வாய்விட்டு ஜெபித்தாள். அவள் கையில் நுளம்பு மொய்த்தது, விரட்டவில்லை. என்னைப் பிடித்து வைத்திருப்பது கல்லா, அவளுடைய ஜெபமா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. சட்டென்று அவள் குரல் நின்றது. எனக்குப் பயம் வந்துவிட்டது.

"நிப்பாட்டிராத கா, நிருஷா" என்றேன்.