கத்தி படாத முடி

பவித்ராவைப் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, குள்ளம். அங்கிருந்து பார்த்தால் கரும்பலகை தெரியாது, முன்னால் இருப்பவர்களின் முதுகுதான் தெரியும். சாயங்காலம் கூட்டிப்போக வந்த அம்மா சத்யாவிடம் மலர்விழி மிஸ் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. மத்த பேரண்ட்ஸ் எல்லாம் கம்ப்ளைண்ட் பண்றாங்க. தலையில பேன் போற வரைக்கும் பாப்பாவ அனுப்பாதீங்க."

சத்யா தலையாட்டினாள். வேறு என்ன செய்வாள்? நெய்வேலி நகரியத்து வட்டங்களில் தெருக்கூட்டும் காண்ட்ராக்ட் வேலை அவளுக்கு. ஊர்க் குப்பையை அள்ளுகிறவளுக்குப் பெற்ற மகள் தலையைப் பார்க்கத் துப்பில்லை என்று நாலு பேர் பேசுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். பேசவும் பேசினார்கள்.

அவள் சும்மா இருந்தவள் இல்லை. வேப்பிலையை அரைத்துத் தடவினாள். சீத்தாப்பழக் கொட்டையை இடித்துப் போட்டாள். மெடிக்கலில் கேட்டு ஷாம்பு வாங்கி வந்தாள். ஒவ்வொரு முறையும் பேன் சாகும், ஈர் சாகாது. முடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வெள்ளைப் பொட்டுகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் அடுத்த வாரமே பொரிந்துகொண்டு வந்துவிடும். பவித்ராவின் முடியோ இடுப்புக்குக் கீழே தொங்கியது. அடர்த்தி வேறு. பிறந்ததிலிருந்து கத்தி, கத்தரிக்கோல் எதுவும் படாத முடி. பேன் சீப்பு உள்ளே போனால் வெளியே வராது, பிள்ளை கதறும். சொறிந்து சொறிந்து தலையெல்லாம் புண், காதுக்குப் பின்னால் சீழ், கழுத்தில் நெறி கட்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அந்தத் தலையைப் பார்த்ததுமே முகம் சுளித்தாள். "மொதல்ல முடிய எடுத்துடுங்கம்மா. புண்ணுக்கு மருந்து வைக்கக்கூட எடமில்ல. எடுத்துட்டா பேனும் போயிடும், புண்ணும் ஆறிடும்."

அரை மணி நேர வேலை. அதைச் செய்யக்கூடாத வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள் சத்யா.

பவித்ரா பிறந்தபோது அழவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தார்கள். அவளுடைய அப்பா சிவக்குமார் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று குலதெய்வம் பச்சைவாழியம்மனுக்கு வேண்டிக்கொண்டான்: பிள்ளை பிழைத்தால் முதல் முடி உனக்கு. பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஒரு வயதில் மொட்டை அடிக்கலாம் என்றபோது ஊரே சுரங்கத்துக்காகக் காலியாகிக்கொண்டிருந்தது. சட்டி பானையை ஏற்றுவதா, சாமிக்குப் பொங்கல் வைப்பதா? மூன்று வயதில் கோயிலும் சுரங்கத்துக்குப் போனது. சிவக்குமாரின் அண்ணன் தனகோடி அம்மன் கல்லைப் பெயர்த்து எடுத்துவந்து, மாற்றுக் குடியிருப்பில் தன் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் வைத்தார். ஐந்து வயதில் பங்காளிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். புதுக் கோயில் மாற்றுக் குடியிருப்பில்தான் என்று தனகோடி கட்சி, முத்தாண்டிக்குப்பம் பக்கம்தான் என்று அங்கே மனை வாங்கிப் போனவர்கள் கட்சி. பேச்சு நின்றது. ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போவதும் நின்றது.

மொட்டை ஒற்றைப்படை வயதில்தான் அடிப்பார்கள். பவித்ராவுக்கு இப்போது ஆறு. ஏழு பிறக்கட்டும், அதற்குள் கோயில் வந்துவிடும் என்றான் சிவக்குமார். பேனுக்கு ஒற்றைப்படையும் தெரியாது, இரட்டைப்படையும் தெரியாது.

பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பிய மறுநாள் சத்யா தனகோடி வீட்டுக்குப் போனாள்.

"மாமா, புள்ள தலை அழுவிப்போவுது. கொட்டாயில இருந்தா இன்னா, அம்மன் அம்மன்தான? அது முன்னாலயே முடிய எறக்கிடலாம். ரெட்டப்பட வயசுங்கற குத்தத்த நான் ஏத்துக்கறேன்."

தனகோடி கெட்டவர் இல்லை. தீபாவளி வந்தால் தன் பிள்ளைகளுக்கு எடுக்கும் முன் பவித்ராவுக்குப் பாவாடை சட்டை எடுப்பவர். ஆனால் கட்சி என்று வந்துவிட்டால் மனுஷன் வேறு.

"நீ புரியாம பேசற. இங்க ஒரு மொட்ட எறங்கிச்சின்னா, நான் வூட்லயே கோயில் வச்சிகினேன்னு அவனுங்க ஊரெல்லாம் சொல்லிகினு திரிவானுங்க. கல்லக் குடுன்னு வாசல்ல வந்து நிப்பானுங்க. அவளே எடமில்லாம கொட்டாயில கெடக்கறா, ஒம் பொண்ணுக்கு முடிதான் பாரமா?"

"அப்ப வேற எங்கனா கோயில்ல போயி..."

"கொலதெய்வத்துக்கு நேந்தத வேற சாமிக்கு குடுப்பியா? குடு. நாளைக்கு ஒண்ணுன்னா எங்கிட்ட வந்து அழுவாத."

திரும்பும்போது கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். சிவப்புத் துணி சுற்றிய கல். பக்கத்தில் கெட்டுப்போன மோட்டார், இரண்டு உர மூட்டை. சத்யாவுக்கு வயிறெரிந்தது. எரிந்தும் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தாள்.

அன்று சாயங்காலம் சிவக்குமார் ஷிப்டு முடிந்து வந்தபோது அவள் பவித்ராவை முன்னால் உட்காரவைத்து, கையில் கத்தரிக்கோலோடு இருந்தாள். "நான் எடுத்துடறேங்க" என்றாள். அவன் சத்தம் போடவில்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கரி படிந்த முகத்தோடு அழ ஆரம்பித்துவிட்டான்.

"நீ மயக்கத்துல கெடந்த சத்யா. நான்தான் பாத்துகினு நின்னேன். டாக்டரு கைய விரிச்சிட்டாரு. புள்ள நீலமா கெடந்துது. அவதான் திருப்பிக் குடுத்தா. சொன்ன வாக்கு மாறுனா எடுத்துக்குவாடி."

சத்யா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அவனை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. அவன் மைன்ஸில் கன்வேயர் பக்கம் நிற்கிற நேரமெல்லாம் பிள்ளை அவளிடம்தான் இருந்தது. நறுக்கென்று வெட்டிவிட்டு, நடப்பது நடக்கட்டும் என்று இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பயந்தாள். பெற்ற பிள்ளையைப் பணயம் வைத்து சாமியோடு மல்லுக்கு நிற்க யாருக்குத் துணிச்சல் வரும்?

அந்த வாரம் பார்த்துத்தான் அவள் தம்பி மதிவாணன் வந்தான். காடாம்புலியூரில் முந்திரித் தோப்புகளுக்கு மருந்தடிக்கிறவன். பவித்ராவுக்கு மொட்டை என்றால் அவள் இவன் மடியில்தான் உட்காரவேண்டும், தாய்மாமன். அக்கா மகள் என்றால் அவனுக்கு உயிர். அவளைப் பள்ளியிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்று போனில் கேட்டதுமே அவனுக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சின்ன பாட்டிலோடு வந்து நின்றான்.

"முந்திரி பூ வைக்கறப்ப அடிக்கற மருந்துக்கா. எங்க பக்கம் மாட்டுக்கு உண்ணி புடிச்சா இதத்தான் எண்ணெயில கலந்து தடவறாங்க. ஒரு உண்ணி நிக்காது."

"கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

"உள்ளுக்கா குடுக்கறோம்? மேலதான தடவறோம். நான் தெனம் கையாலதான கலக்கறேன், எனக்கு இன்னா ஆயிடுச்சி?"

சத்யா சிவக்குமாரைப் பார்த்தாள். அவனுக்கு வார லீவு, வீட்டில்தான் இருந்தான். முடிக்குச் சேதமில்லாத வைத்தியம் என்றதும் அவன் முகமே தெளிந்துவிட்டது. "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

முடியை வகிர்ந்து வகிர்ந்து தடவினார்கள். பவித்ரா துள்ளினாள். "எரியுதும்மா, எரியுது."

"புண்ணுல பட்டா எரியத்தான் செய்யும் கண்ணு. கொஞ்சம் பொறுத்துக்க. நாளைக்கே ஸ்கூலுக்குப் போலாம்."

"நெஜமாவா?"

"நெஜமா."

பழைய துண்டை இறுக்கிக் கட்டிவிட்டாள். பிள்ளை அழுதுகொண்டே டி.வி. பார்த்தது. ஒரு மணி நேரம் கழித்துத் துண்டை அவிழ்த்து வெளிச்சத்தில் உதறியபோது எள்ளைக் கொட்டியதுபோலப் பேன்கள் தரையில் விழுந்தன. ஒன்றுகூட நகரவில்லை. சத்யா வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனையோ மாதம் கழித்துச் சிரித்தாள். மதிவாணன், "பாத்தியா, ஒந் தம்பிய இன்னான்னு நெனச்ச?" என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

பவித்ரா வயிறு வலிக்கிறது என்றாள். பிறகு வாந்தி எடுத்தாள். ஓலைப்பாயில் படுக்க வைத்தார்கள். சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகி நிற்கவே இல்லை. கால் வெட்டி வெட்டி இழுத்தபோதுதான் மூன்று பேருக்கும் உறைத்தது. சிவக்குமார் வண்டியை எடுத்தான். நடுவில் பிள்ளையை வைத்துச் சத்யா பின்னால் உட்கார்ந்தாள். மதிவாணன் தன் வண்டியில் பாட்டிலோடு பின்னால் வந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பிள்ளைக்குக் கிட்டே வந்ததும் வாடையிலேயே கண்டுபிடித்துவிட்டார். பாட்டிலை வாங்கிப் பார்த்தார். யாரையும் திட்டவில்லை. "மொதல்ல அந்த முடிய எடுங்க. மருந்து பூரா அதுலதான் ஊறிட்டிருக்கு. இன்னும் உள்ள எறங்கிட்டே இருக்கு."

நர்ஸ் கத்தரிக்கோலைக் கொண்டுவந்தாள். சிவக்குமார் குறுக்கே கையை நீட்டினான்.

"ஒரு நிமிஷம் மேடம். சாமி முடி. அண்ணனுக்கு ஒரு போன் மட்டும் போட்டுடறேன்."

போட்டான். கேளுங்கள், மகள் வாயில் நுரை தள்ளிக்கொண்டிருக்க, அவன் அண்ணனுக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

சத்யா நர்ஸின் கையிலிருந்து கத்தரிக்கோலைப் பிடுங்கினாள். கழுத்தை ஒட்டி முடியை அள்ளி வெட்டினாள். எண்ணெய் வழுக்கியது, மறுபடி பிடித்து வெட்டினாள். மிச்சத்தை நர்ஸ் ஒட்ட நறுக்கினாள். ஆறு வருஷ முடி சிவப்பு வாளியில் விழுந்தது. இடி விழவில்லை. யார் கண்ணையும் யாரும் குத்தவில்லை. இவ்வளவுதானா, இதற்கா பயந்தேன் என்று நினைத்தபோது சத்யாவுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

சோப்புப் போட்டுத் தலையைக் கழுவினார்கள், ஊசி மேல் ஊசி போட்டார்கள். "புண்ணு இல்லாம இருந்திருந்தா இவ்வளவு வேகமா ஏறியிருக்காது" என்றார் டாக்டர். புதுச்சேரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆம்புலன்ஸ் காடாம்புலியூரைத் தாண்டும்போது பவித்ராவின் மூச்சு நின்றுபோனது. உள்ளே இருந்தவர் மார்பை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். பண்ருட்டி வந்ததும் நிறுத்திவிட்டார்.

போலீஸ், பிரேதப் பரிசோதனை எல்லாம் முடிந்து மறுநாள் பிற்பகல்தான் உடல் கிடைத்தது. மதிவாணனை ஸ்டேஷனில் விசாரணைக்கு உட்கார வைத்திருந்தார்கள். பங்காளிகள் இரண்டு கட்சியும் வந்துவிட்டார்கள். சாவு வீட்டுக்கு வராமல் இருக்க முடியாதே. எங்கே புதைப்பது என்று ஒரு பேச்சு வந்தது. இவர்கள் ஒன்று சொல்ல, அவர்கள் சரி என்றார்கள். ஒரு கோயிலுக்கு இடம் காட்ட இத்தனை வருஷம் ஆகாதவர்களுக்கு, ஒரு குழந்தைக்குக் குழி காட்டக் கால் மணி நேரம் ஆகவில்லை.

தனகோடி மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுதார். முகத்தைத் துடைத்துக்கொண்டு சத்யா பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஏம்மா, முடிய ஆஸ்பத்திரியில கேட்டு வாங்கிகினு வந்தீங்களா?"

சத்யா நிமிர்ந்து பார்த்தாள்.

"நேந்தது நேந்ததுதாம்மா. அதையாவது அம்மன் கால்ல கொண்டுபோயி வச்சிட்டா, இருக்கறவங்களுக்கு ஒண்ணும் வராது."

எதிர்க் கட்சியில் மூத்தவர் ஒருவர், தனகோடியோடு முகம் கொடுத்துப் பேசியே பல காலம் ஆனவர், பின்னாலிருந்து சொன்னார். "ஆமாங்க. அண்ணன் சொல்றது சரிதான். நாங்களும் அதத்தான் நெனச்சோம்."

சிவக்குமார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவனும் சத்யாவைத்தான் பார்த்தான்.

"குப்பைக்குப் போயிடுச்சி மாமா" என்றாள் சத்யா. அவள் குரல் உயரவில்லை. "பேன், ஈர் எல்லாம் செத்துப்போன சுத்தமான முடிதான். வேணும்னா அவளையே போயி பொறுக்கிக்கச் சொல்லுங்க."