வாங்க மறுத்தார்

நீதிமன்றத் தாள்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற அமீனா அவர். அன்று காலை பையில் பதினொரு தாள்கள். எட்டாவது, பெரிய சாலையோரம் நாற்றுப் பண்ணை வைத்திருந்த செடிக்காரம்மாவுக்கு. பூவாளியும் கையுமாக வந்த அந்தம்மா, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார்.

“என்னங்க இது?”

“தடை உத்தரவும்மா. வழக்கு முடியற வரைக்கும் நீங்க இந்த நிலத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது. உங்க கொழுந்தனார் வாங்கியிருக்காரு.”

“எந்த வழக்கு?”

அமீனாவுக்கு அலுப்பாக இருந்தது. முப்பது வருஷமாக இதே கேள்வியை எத்தனையோ வாசல்களில் காதில் வாங்கியாயிற்று. “போன மாசம் நோட்டீஸ் வந்துச்சு. நீங்கதான் வாங்க மாட்டேன்னுட்டீங்க. வாங்கியிருந்தா கோர்ட்டுக்கு வந்து உங்க நியாயத்தைச் சொல்லியிருக்கலாம்.”

“நான் வாங்கலையா? என்னைக்குக் கொண்டு வந்தாங்க? யாரு கொண்டு வந்தா?”

தேதியைச் சொல்லி வாயடைத்துவிடலாம் என்று தன் பதிவேட்டைப் புரட்டினார் அமீனா. தேதி இருந்தது. ‘வாங்க மறுத்தார்’ என்று எழுதியிருந்தது. எழுத்து அவருடையது. சாட்சிக் கையெழுத்து கொழுந்தனாருடையது.

அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு முட்டி வீங்கி, பஸ்ஸை விட்டு இறங்கவே உயிர் போயிற்று. நிறுத்தத்திலேயே கொழுந்தனார் காத்திருந்தார். “எங்க அண்ணி வாங்க மாட்டாங்க சார். நான் இப்பதான் பேசிட்டு வரேன், கதவைச் சாத்திட்டாங்க. நீங்க ஏன் வெயில்ல அலையணும்?” என்றார். கேட்கவும் இதமாக இருந்தது. நிறுத்தத்துப் பலகையில் உட்கார்ந்தபடியே இரண்டு சொல் எழுதிவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

அந்தம்மா வேலிக்குள் திரும்பிப் பார்த்தார். எலுமிச்சைக் கன்றுகளும் ரோஜாப் பதியன்களும் வரிசை வரிசையாக நின்றன.

“வேலிக்கு வெளியே நின்னு குழாயால தண்ணி பீய்ச்சினா, அதுவும் குத்தமா?”

அமீனா உத்தரவை மறுபடி படித்தார். பிரவேசிக்கக் கூடாது என்றுதான் இருந்தது. தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “வக்கீலைக் கேளுங்கம்மா” என்றார். அந்தம்மா பூவாளியை வெளியே வைத்துவிட்டு, தன் கையாலேயே கதவைப் பூட்டினார். மீதி மூன்று தாள்களை அமீனா எப்படிக் கொடுத்து முடித்தார் என்று அவருக்கே தெரியாது.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவர் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. “ஓய்வு பெற ரெண்டு வருஷம் இருக்குங்க. அந்தம்மா மனு போடட்டும், ஜட்ஜ் பார்த்துக்கட்டும். நீங்க ஏன் தலையைக் கொடுக்கணும்?”

தலைமை எழுத்தரும் ஏறக்குறைய அதையே சொன்னார். “உன் எழுத்தைத்தான்யா கோர்ட்டு நம்பும். கூப்பிட்டாப் போ. தானா போய் வண்டியில விழாதே.”

தன்னைக் கேட்காமல் போட்ட தடையை நீக்கச் சொல்லி செடிக்காரம்மா மனு போட்டார். முதல் வாய்தாவுக்கு நீதிபதி விடுப்பு. இரண்டாவதுக்கு வழக்குக் கட்டு கிடைக்கவில்லை. மூன்றாவதில் எதிர்த்தரப்பு வக்கீல் அவகாசம் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அந்தம்மா தாழ்வாரத்துப் பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். குழாய்த் தண்ணீர் முன் இரண்டு வரிசைக்குத்தான் எட்டுகிறது, பின்னால் எல்லாம் கருகிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது அமீனா காதில் விழுந்தது.

நாலாவது வாய்தாவில் மனு எடுக்கப்பட்டது. நீதிபதிக்கு முன்னால் நாற்பது கட்டுகள் கிடந்தன. “அமீனா தன் கைப்பட எழுதியிருக்கிறார், சாட்சிக் கையெழுத்தும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?” என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். நீதிபதி தலையாட்டிக்கொண்டே அடுத்த கட்டுக்குக் கை நீட்டினார்.

சுவரோரம் நின்றிருந்த அமீனா கூண்டருகே வந்தார். “ஐயா, அது நான் எழுதினதுதான். ஆனா நான் அந்த வாசலுக்கே போகலை.”

“என்ன சொல்றீங்க?”

“பஸ் நிறுத்தத்துல உட்கார்ந்து எழுதினேன். வழக்குப் போட்டவர் சொன்னதை நம்பிட்டேன். அந்தம்மா நோட்டீஸைக் கண்ணால பார்க்கலை.”

கொழுந்தனார் எழுந்து ஏதோ சொல்ல வந்தார். வக்கீல் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். நீதிபதி பேனாவை மூடி வைத்தார்.

“நிலம் யாருக்குன்னு இன்னும் எனக்குத் தெரியாது. ஆனா ஒருத்தர் சொன்னதை மட்டும் கேட்டுட்டு இன்னொருத்தரை வெளியே நிறுத்தியிருக்கேன். அது தெரியுது.”

தடை ரத்தானது. இரண்டு தரப்பையும் கேட்டு மறுபடி முடிவு செய்வது, அதுவரை யாரும் எதையும் கட்டவோ பெயர்க்கவோ கூடாது, செடிகளுக்கு அந்தம்மா தண்ணீர் விடலாம் என்று புது உத்தரவு வந்தது. அமீனாவுக்கும் ஒன்று வந்தது: விளக்கம் கேட்டு நோட்டீஸ். அவர் அதை வாங்கிக் கையெழுத்திட்டார். விசாரணை முடிந்ததும் ஆவண அறைக்கு மாற்றினார்கள். தூசியும் ஏணியுமான அறை. முட்டிக்கு அலைச்சலே தேவலை என்றிருந்தது. மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தைலத்தை எடுத்துக் கொடுத்தார்.

ஒன்பது மாதம் கழித்து, தீர்ப்பின் நகல் கேட்டு செடிக்காரம்மா ஆவண அறைக்கு வந்தார். நிலத்தின் பின்பாதி கொழுந்தனாருக்குப் போய்விட்டது. பழைய பத்திரம் அவர் பக்கம் இருந்தது.

“பாதி போச்சும்மா. வருத்தமா இருக்கும்” என்றார் அமீனா.

“இருக்காதா? பதினாறு வருஷம் கொத்தின மண்ணு.” அந்தம்மா நின்றபடியே பக்கங்களைப் புரட்டினார். நாலாம் பக்கத்தில் விரல் நின்றது. அந்தம்மா சாட்சி சொன்னது அங்கே தொடங்கி ஆறாம் பக்கம் வரை போயிற்று. வாய்க்குள்ளேயே படித்தார்.

“நான் சொன்னது எல்லாத்தையும் எழுதியிருக்காங்க” என்றார். “பின்பாதியில இருக்கற அந்தக் கிணறு விஷயத்தை மட்டும் தப்பாப் புரிஞ்சிருக்காங்க. மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் இருக்கு?”

அமீனா சொன்னார். அந்தம்மா தேதியை எண்ணிப் பார்த்து, நகலைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். வாசலில் இன்னும் ஆறு பேர் நகலுக்கு நின்றிருந்தார்கள். அமீனா அடுத்த மனுவை வாங்கி எண்ணைப் பார்த்தார். மேல் தட்டு. ஏணியை இழுத்துப் போட்டு, முட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஏறினார்.